விளக்கைக் குளிர வைத்தவள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கார்மலை நாட்டைச் செங்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். தங்கமான மனுஷன்தான். ஆனால் காலையில் யார் முகத்தில் விழித்தானோ, அதற்கேற்றபடி நாட்டில் சட்டம் மாறும்.

ஒரு மார்கழியில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அரண்மனை வைத்தியர் அகோரம் கொடுத்த லேகியம் எதற்கும் அது மசியவில்லை. மந்திரி வெள்ளையப்பர் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வைத்தியருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க வழி சொல்கிறேன்" என்று காதோரம் குனிந்தார் அகோரம். "குளிர் என்கிற சொல்தான் வினை. ஊரே அதை ஓயாமல் சொல்லிச் சொல்லித் தன் உடம்புக்குள் ஏற்றிவிடுகிறது. சொல்லை ஒழியுங்கள், நோய் ஒழிந்துவிடும்."

"அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் ஜனங்கள் வாயில் நல்ல வார்த்தைக்கே பஞ்சம் வந்துவிடும் மகாராஜா" என்றார் வெள்ளையப்பர்.

"காய்ச்சல் வந்தது உமக்கா, எனக்கா?" என்று சீறினான் ராஜா. சட்டம் போட்டாயிற்று. அந்தச் சொல்லைச் சொன்னவர் தாமரைக் குளத்தில் விடியலிலிருந்து உச்சிப் பொழுதுவரை கழுத்தளவு நீரில் நிற்க வேண்டும்.

தண்டோராக்காரன் பாடுதான் திண்டாட்டம். "ஒரு சொல்லை யாரும் சொல்லப்படாது!" என்று முழக்கினான்.

"எந்தச் சொல்லுய்யா?"

"அதைச் சொன்னா நான் குளத்துல நிக்கணும்!" என்று இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினான். பாதி ஊருக்குப் புரிந்தது. மீதி ஊர், பாவம், இவனுக்கு வலிப்பு என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் இளவரசனுக்குக் காதுகுத்து. காலையிலேயே வைத்தியர் ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்து வந்தார். அரண்மனை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் செம்பாயி. தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லிவிட்டாள் மகாராஜா! என் காதால் கேட்டேன்!"

"பூசை முடிஞ்சா, விளக்கைக் குளிர வெச்சுட்டேன்னு அரசியம்மாகிட்டச் சொல்றது வழக்கமுங்க" என்றாள் செம்பாயி. "இன்னிக்கும் அதத்தானுங்க சொன்னேன். என்ன தப்புன்னே தெரியலீங்க சாமி!"

"பார்த்தீர்களா, மறுபடியும் சொல்கிறாள்!" என்று குதித்தார் வைத்தியர்.

ராஜாவுக்கே ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. ஆனாலும் சபை நடுவே சட்டத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? "நாளை விடியலில் குளத்தில் நில்" என்றுவிட்டான். மார்கழித் தண்ணீரில், பால் கொடுக்கிற பெண்ணா!

வெள்ளையப்பர் எழுந்தார். "தண்டனை இருக்கட்டும் மகாராஜா. எப்படிச் சொல்ல வேண்டும் என்று இவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா? இன்று காதுகுத்து விளக்கை வைத்தியரே பார்த்துக்கொள்ளட்டும். சட்டப்படி அறிவிக்கட்டும், எல்லோரும் கேட்டுக் கற்றுக்கொள்கிறோம்."

வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. தமக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்துவிட்டார்.

காது குத்தியாயிற்று. குழந்தை வீறிட்டது. வாழ்த்த வந்த சுமங்கலிகள் அட்சதையோடு முன்னால் வந்தார்கள். "பெத்த வயிறு..." என்று ஆரம்பித்த ஒருத்தி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "பார்த்த கண்ணு..." என்ற இன்னொருத்திக்கும் மேலே ஓடவில்லை. அட்சதையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

"என் பிள்ளைக்கு ஒரு வாழ்த்துக்கூட இல்லையா?" என்று அரசி கண் கலங்கினாள்.

அதற்குள் வைத்தியர் குத்துவிளக்கின் முன்னால் போய் நின்று சபையைப் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தார். சுடரைத் தணித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மகாராஜா! இளவரசருக்காக ஏற்றிய விளக்கை அணைத்துவிட்டேன்!" என்று முழங்கினார்.

ஐயோ! அந்த நாட்டில் எதிரிகூட அப்படிச் சொல்லமாட்டான். அரசி அலறிக்கொண்டு குழந்தையின் காதைப் பொத்தினாள். பெண்கள் மார்பில் கை வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு ரத்தமே உறைந்துவிட்டது.

"அடப்பாவி!" என்று சிங்காதனத்திலிருந்து துள்ளி எழுந்தான். "என் பிள்ளை விளக்கையா அணைத்தேன் என்கிறாய்? குளிர வைத்தேன் என்று சொல்லித் தொலையேன்!"

தான் சொன்னது என்ன என்று ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மந்திரியைப் பார்த்தான். மந்திரி சாளரத்துக்கு வெளியே தெரிந்த தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நாளைவரை எதற்கு?" என்று ரோஷமாக இறங்கிப் போனான் ராஜா. சபையே பின்னால் ஓடியது. குளத்தின் முதல் படியில் தண்ணீருக்குள் காலை வைத்தான்.

"ஐயோ, குளிருதே!"

ஒரு கால் நீரிலும் ஒரு கால் கரையிலுமாக நின்றவன், கூட்டத்தில் செம்பாயியைக் கண்டான். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தது. இந்தத் தண்ணீரிலா, கழுத்துவரையிலா, உச்சிப் பொழுதுவரையிலா! நினைக்கவே அவனுக்குக் குலை நடுங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். தாயே, என்னை மன்னித்துவிடு" என்றான். பிறகு வைத்தியரிடம் திரும்பினான். "என் காய்ச்சலில் நீர் குளிர் காய்ந்தீர். இனிமேல் தினமும் விடியலில் இதே குளத்தில் முழுகி எழுந்து, செம்பாயிக்கு விளக்குத் துலக்கிக் கொடும்!"

தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். வெள்ளையப்பர் அதை எடுத்துச் செம்பாயியின் குழந்தைமேல் போர்த்திவிட்டார்.

சுமங்கலிகள் அட்சதைத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். அரசியின் கையிலிருந்த இளவரசன் தலையில் தூவி, ஒரே குரலாக, "பெத்த வயிறு குளிர, பார்த்த கண்ணு குளிர, நல்லா இருக்கணும் ராசா!" என்றார்கள்.

ராஜா ஈரக்காலோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே, "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றான்.