நாற்பது தூக்குச்சட்டி

மூளை தேய்ந்துவிடக் கூடாதே என்று அதை எடுத்துப் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்த மூன்று பேர் நொச்சிக்காட்டில் இருந்தார்கள். அன்னதான சங்கத் தலைவர் ஆவுடையப்பன், செயலாளர் உலகநாதன், சமையல் பாக்கியத்தாய். சமைக்க முடியாத நாற்பது பேருக்குத் தினமும் மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மனசு தங்கம். மற்றதைப் பற்றி நான் என்ன சொல்ல!

அரிசி தருபவர் ரைஸ்மில் செல்லத்துரை அண்ணாச்சி. சங்கம் சோறு கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஓடையை அடைத்து மில்லுக்குள் தண்ணீர் வந்ததும், நாற்பது எவர்சில்வர் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"இனி பிளாஸ்டிக் டப்பா கிடையாது, இதுதான். வெள்ளிக்கிழமை வருவேன். நாப்பதும் திரும்பி வந்திருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அரிசியை நிறுத்திருவேன்."

புதன்கிழமை நாற்பதும் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. உலகநாதன் பதறிப்போய் அருஞ்சுனை வீட்டுக்கு ஓடினார். அருஞ்சுனை பழைய பஸ் டிரைவர், கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பவர். சங்கத்துச் சோறு வராவிட்டால் அன்றைக்குப் பட்டினிதான்.

"சட்டி எங்கவே?"

"கழுவி வச்சிருக்கேன். அடுத்தவுக பாத்திரத்தை வெறுமையா குடுக்கலாமா? வீட்ல ஒரு பிடி சீனிகூட இல்ல. ஏதாச்சும் கிடைக்கட்டும், போட்டுத் தாரேன்."

நாற்பது வீட்டிலும் இதே பதில். நொச்சிக்காட்டில் சோற்றுக்குத்தான் பஞ்சம், மரியாதைக்கு இல்லை.

சங்கம் கூடியது.

"அவுக சொல்லுதது முறைதான்," என்றார் தலைவர். "ஆனா போட்டுத்தர என்ன இருக்கு?"

"நாம குடுக்குத சோறு இருக்குல்லா," என்றாள் பாக்கியத்தாய்.

"அதைத் தின்னுருதாகளே!"

"தின்னாம இருக்கச் சொல்லுவோம்."

இவ்வளவு லேசான வழி முதலிலேயே தோன்றவில்லையே என்று மூவரும் வெட்கப்பட்டார்கள்.

வியாழக்கிழமை அண்டாவோடு வீடு வீடாகப் போய், அங்கிருந்த சட்டியில் சோற்றை நிரப்பி, மூடி, கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அருஞ்சுனை மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்துவிட்டார்கள்.

"எய்யா, பசிக்குதே!"

"பசிக்கத்தான் செய்யும். சட்டி போகணும்லா!"

பாவம் மனுஷன், தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சங்கத்துக்கும் எரிந்தது. மறுபடி கூடினார்கள்.

"பசிக்குதுங்காரு," என்றார் உலகநாதன்.

"சட்டிச் சோத்தைத் தொடக் கூடாதே. வேற சோறு குடுப்போம்," என்றார் தலைவர்.

"எதுல?"

பாக்கியத்தாய் எழுந்துபோய், மூலையில் மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் டப்பாக் கட்டைப் பிரித்தாள்.

வெள்ளிக்கிழமை இரட்டைச் சமையல். சட்டியும் டப்பாவும் சேர்ந்தே வீடு வீடாகப் போயின. அருஞ்சுனை டப்பாச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டார், சட்டிச் சோற்றை மரியாதையாகத் திருப்பித் தந்தார். அண்ணாச்சி வந்து எண்ணினார். நாற்பதும் இருந்தன. மகிழ்ந்துபோய் ஒன்றைத் தூக்கினார், கனத்தது. திறந்தார். உள்ளே ஆவி பறக்கச் சாம்பார் சோறு.

"அப்போ ஓடையில பிளாஸ்டிக் டப்பா மிதக்குதே, அது?"

"அது சாப்பிடுததுக்கு அண்ணாச்சி," என்றார் தலைவர். "இது திரும்பி வாரதுக்கு."

சொன்ன சொல் தவறாதவர் அண்ணாச்சி. நாற்பதும் வந்துவிட்டதால் அரிசியை நிறுத்தவும் வழியில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பசி மயக்கம்தான் என்று புரிந்துகொண்ட தலைவர், குனிந்து பரிவோடு கேட்டார்.

"அண்ணாச்சிக்கு எதை வைக்க? சாப்பிடுத சோறா, திரும்பி வார சோறா?"