கிட்ட வா என்றான் காரி

விண்மீன்களுக்கு வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், சுருள்சுருளாகச் சுழன்ற இரண்டு விண்மீன் ஊர்கள் மோதிக் கலந்தன. சுருள்கள் குலைந்தன. தட்டையாக இருந்தவை திரண்டு, முட்டை வடிவில் ஒரே ஊராயின.

ஒவ்வோர் ஊரின் நடுவிலும் ஒரு கருந்துளை இருந்தது. ஒருவன் காரி, மற்றவள் யாமினி. இப்போது நடு ஒன்று, இருப்பவர் இருவர்.

“ஒன்றாகிவிடுவோம்” என்றாள் யாமினி. ஆனால் ஒருவரையொருவர் சுற்றினார்களே தவிர, நெருங்க முடியவில்லை.

காரியின் அருகிலேயே பிறந்த விண்மீன் வெண்ணி. அவனை அண்ணா என்றுதான் அழைப்பாள்.

“வெண்ணி, நம்மவர்களில் ஒருவரைக் கிட்ட வரச் சொல்லம்மா” என்றான் காரி.

பக்கத்தில் இருந்த செம்பியன் மாமாவை அனுப்பினாள். “கல்யாண வீட்டில் முன்வரிசை எனக்குத்தானே!” என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

சற்று நேரத்தில் காரியும் யாமினியும் ஓரடி நெருங்கியிருந்தார்கள். செம்பியனைக் காணோம்.

“மாமா எங்கே அண்ணா?”

“அந்தப் பக்கம் யாரையாவது வரவேற்றுக்கொண்டிருப்பார். அடுத்தவரை அனுப்பு.”

அனுப்பினாள். அதற்கடுத்தவரையும் அனுப்பினாள். போனவர்கள் திரும்பவில்லை, வெண்ணியும் மறுபடி கேட்கவில்லை.

கடைசியில் தங்கை மின்னி வந்து நின்றாள். “ஊரையே அனுப்புகிறாய், நான் மட்டும் வேண்டாதவளா அக்கா?”

“போடி, போய் நில். அண்ணன் உன்னைத் தின்றுவிடவா போகிறான்?”

அவன் தின்னவில்லை. இருவருக்கும் நடுவே மின்னி ஒரு சுற்று வந்தாள். காரி இழுத்தான், யாமினி இழுத்தாள். மறுகணம் கவண்கல்லைப் போல ஊரின் எல்லையை நோக்கிப் பறந்தாள். “அக்…” என்பது மட்டும் கேட்டது.

 வெண்ணி திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் எத்தனை இடங்கள்! எல்லாம் காலி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் குரல்தான்.

“தெரிந்தேவா செய்தாய், அண்ணா?”

“ஒருவரை வெளியே வீசியெறிந்தால்தான் நாங்கள் ஓரடி நெருங்க முடியும். நீ ஒரு தடவைதானே கேட்டாய், வெண்ணி?”

 அவள் ஏன் மறுபடி கேட்காமல் இருந்தாள்? தெரிந்துவிடுமோ என்ற பயமா?

“இன்னும் ஓரடிதான். கிட்ட வா.”

அன்றுதான் முதல்முறையாக அவள் அண்ணன் சொல்லைத் தட்டினாள். மெல்ல விலகி வெளியே போனாள். வீசியெறிய ஆளில்லாமல், இருவருக்கும் நடுவே அந்த ஓரடி அப்படியே நின்றுவிட்டது.

பெரிய நீள்வட்ட விண்மீன் மண்டலங்களில், விண்மீன்கள் நெருக்கியடித்து ஒளிர வேண்டிய நட்டநடு இடம் மங்கிக் கிடப்பது அன்று முதல்தான்.