பீரங்கிக்குள் போன தாள்

உபதேசியார் மாசிலாமணிக்கு ஒரே ஒரு சீடர். பெயர் வேதமுத்து. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். பட்டாளத்தில் பீரங்கி இழுத்து இழுத்துத் தோள் காய்த்துப்போன ஆள். தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். படித்த முதல் புத்தகமே வேதாகமம். அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

இருவரும் அக்கரையில் ஒரு சபைக்குப் பெரிய வேதாகமம் ஒன்றைத் தோணியில் கொண்டுபோனார்கள். நடுக்கடலில் கொள்ளையர் மறித்தார்கள். பட்டு சுற்றிய பெட்டியைக் கண்டதும் புதையல் என்றே நினைத்தார்கள். வேதமுத்து பெட்டியை விடவில்லை. பெட்டியோடு அவரையும் தூக்கினார்கள். சீடரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் குருவும் கொள்ளைக் கப்பலில் ஏறிக்கொண்டார்.

கப்பல் தலைவனை எல்லோரும் தண்டல் என்றார்கள். தண்டல் வீரபாகு பெட்டியைத் திறந்தான். காறித் துப்பினான்.

"சீ, புத்தகம்!"

கடலில் வீசக் கையை ஓங்கினான். அந்த நேரம் பாய்மர உச்சியிலிருந்து ஒரு கத்தல்.

"கப்பல்! தெக்கே கப்பல்!"

தளம் முழுக்கக் காலடிச் சத்தம். பாய் விரிந்தது. பீரங்கிக்காரன் இருளாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தண்டல், மருந்து இருக்கு. பொட்டலம் கட்டக் காகிதம் இல்ல."

காகிதத்தில் மருந்தைக் கட்டிப் பீரங்கிக்குள் இடித்து, அதன்மேல் குண்டைத் தள்ளினால்தான் சுட முடியும். தண்டல் தன் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"இதோ காகிதம். ஆயுசுக்கும் காணும்."

வேதமுத்து பாய்ந்து புத்தகத்தைப் பிடுங்கினார். அதன்மேல் குப்புற விழுந்தார்.

"முதல்ல என்னைக் கிழிங்கடா!"

மாசிலாமணி அவர் தோளைத் தொட்டார்.

"எழுந்திரும், வேதமுத்து. கிழிக்கட்டும்."

வேதமுத்துவால் தன் காதையே நம்ப முடியவில்லை. குருவோ தண்டலிடம் திரும்பினார்.

"எந்தத் தாளைக் கிழிக்கணும்னு நான் காட்டுறேன். கிழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை சத்தமா வாசிச்சிடுறேன். வேறொண்ணும் கேக்கல."

கடலில் பிழைக்கிறவனுக்குச் சாபம் என்றால் பயம்.

"வாசிச்சுத் தொலை," என்றான் தண்டல். "வேத தோஷம் கழியட்டும்."

குரு பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். காற்றுக்கு மேலே குரலை எழுப்பி வாசித்தார். யோசேப்பு என்று ஒரு பையன். அப்பனுக்குச் செல்லப் பிள்ளை. பொறாமை பிடித்த அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளுகிறார்கள். பிறகு எகிப்துக்குப் போகிற வியாபாரிகளிடம் விற்றுவிடுகிறார்கள்.

இருளாண்டியின் கை மருந்துச் சட்டிக்குள் அப்படியே நின்றது.

"கூடப் பிறந்தவங்களா வித்தாங்க?"

"கூடப் பிறந்தவங்கதான்."

தாள் கிழிந்தது. பீரங்கி வெடித்தது. குண்டு எட்டாமல் தண்ணீரைக் கிளப்பியது.

அடுத்த தாளில் யோசேப்பு சிறைக்குப் போனான். அரசன் கண்ட கனவுக்குப் பொருள் சொன்னான். எகிப்துக்கே அதிகாரி ஆனான். "அப்படிப் போடு!" என்று கத்திக்கொண்டே இருளாண்டி திரியைக் கொளுத்தினான். இந்தக் குண்டு எதிர்க் கப்பலின் பாயைக் கிழித்தது. அந்தத் தளத்தில் பெண்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டு ஓடுவது வேதமுத்துவுக்குத் தெரிந்தது. அவர்கள் அலறியதும் கேட்டது.

மூன்றாவது தாள். ஊரெல்லாம் பஞ்சம். தானியம் வாங்க அண்ணன்மார் எகிப்துக்கு வருகிறார்கள். எதிரே நிற்கிற அதிகாரி தாங்கள் விற்ற தம்பி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிகிறது. கடைக்குட்டியின் மூட்டையில் தன் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்துவைத்து, எல்லோரையும் பிடித்து முன்னால் நிறுத்துகிறான்.

பாய் இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சுக்கான் பிடித்தவனும் வந்தான்.

"கதை கேக்கவாடா வந்தோம்?" என்று கத்தினான் தண்டல். பொறுமை போய்விட்டது அவனுக்கு. வாசிக்கிறவர் கைக்குக் கீழிருந்தே அடுத்த தாளைப் பிடுங்கினான். தானே மருந்தைக் கட்டினான், தானே இடித்தான், குண்டையும் தள்ளினான்.

"கொளுத்து!"

குரு வாசித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே கிழிந்த ஓரம்தான் இருந்தது.

"அப்புறம்?" என்றான் இருளாண்டி.

"அடுத்த தாள் இல்ல."

"எங்க?"

குரு பீரங்கியைக் காட்டினார்.

"அண்ணன்மாரை என்ன செஞ்சான்? சொல்லும் ஐயா!"

குரு வாயைத் திறக்கவில்லை. வேதமுத்துவுக்குப் பதில் நுனிநாக்கில் நின்றது. குரு அவரை ஒரு பார்வை பார்த்தார். வேதமுத்து அதை விழுங்கிக்கொண்டார்.

"கொளுத்துடா!"

இருளாண்டி திரியைக் கடலில் எறிந்தான். பீரங்கியின் திரித் துளையை உள்ளங்கையால் பொத்தினான்.

"என்னை இந்தக் கப்பலுக்கு வித்ததே என் அண்ணன்தான், தண்டல். அந்த யோசேப்பு மன்னிச்சானா, வெட்டினானா? அது தெரியாம இந்தப் பீரங்கி வெடிக்காது."

தண்டல் வாளை உருவினான். அந்தக் கைக்கு நேரே ஓங்கினான்.

"தண்டல்," என்றான் சுக்கான்காரன் மெதுவாக. "வெட்டுறதுன்னா அப்புறம் வெட்டு. முதல்ல தாளை எடுத்துப் பார்த்துடுவோம்."

தண்டல் சுற்றிப் பார்த்தான். சுக்கானில் ஆள் இல்லை. கயிற்றில் ஆள் இல்லை. பாய் தொளதொளத்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கப்பல் மணல்திட்டுகளைத் தாண்டி ஆழமில்லாத தண்ணீருக்குள் போய்விட்டது. இனித் தொடர்ந்தால் தரைதட்டும். வாள் தானாகத் தாழ்ந்தது.

குண்டை உருட்டி வெளியே எடுத்தார்கள். கொக்கி போட்டுப் பொட்டலத்தை இழுத்தார்கள். மருந்தை உதறினார்கள். கரி பூசிய தாளைக் குரு வெயிலில் பிடித்து வாசித்தார். யோசேப்பு மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறான். அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிறான்.

"அவ்வளவு பெரிய அதிகாரியா அழுதான்?" என்றான் இருளாண்டி.

"அரண்மனை வரைக்கும் கேட்டதாம்."

இருளாண்டி எழுந்துபோய் ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் தண்டல் கரையோரமாகக் கப்பலைக் கொண்டுவந்து இருவரையும் இறக்கிவிட்டான். "இந்தப் புத்தகம் இருந்தா என் கப்பல்ல ஒரு வேலையும் நடக்காது," என்றான். இருளாண்டி கரித்தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேதமுத்து பெட்டியைத் தலையில் வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்தார். மணலில் இறக்கிவைத்ததும் அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"ஐயா, அந்தத் தாள் உங்களுக்கு மனப்பாடம். அடுத்து என்னன்னு அவன் கெஞ்சினானே. அவன் கைக்கு மேல வாள் நின்னுச்சே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாசிலாமணி வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பான், வேதமுத்து. கேட்டுட்டுக் கொளுத்தியிருப்பான்."