தவிட்டுக் குருவிகள் ஏன் கத்திக்கொண்டே இருக்கின்றன?

பறவையும் மனுஷரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக் குருவிகள் கூட்டம் சேராது. செடிக்கு ஒரு குடும்பமாகத் தனித்தனியே வாழ்ந்தன.

வெள்ளத்தாயியின் கத்தரித் தோட்டத்தில் அப்படி நிறையக் குடும்பங்கள் இருந்தன. மழைக்காலம் வந்தால் புழு பெருகும், புழு பெருகினால்தான் குஞ்சு பிழைக்கும். மழைக்காலம் பிறந்துவிட்டது என்று சொல்வது செம்போத்தின் வேலை. புதருக்குள்ளிருந்து அது "ஊம், ஊம்" என்ற பிறகுதான் மற்றவை கூடு கட்டும். அதற்கு அவ்வளவு மரியாதை.

ஒரு வருஷம் பங்குனியிலேயே மழை கொட்டியது. வெயில் கொளுத்த வேண்டிய மாதத்தில் வாய்க்கால் நிறைந்து ஓடியது. கூடு கட்டக் காத்திருந்த ஒரு தவிட்டுக் குருவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"யக்கா, இத நம்பிக் கூடு கட்டலாமா?" என்று வெள்ளத்தாயியைக் கேட்டது.

"எனக்கென்ன தெரியும் தாயி? செம்போத்தக் கேளு. அது கண்ணுல பட்டாலே நல்ல சகுனம். அது சொன்னா நானும் வெதைச்சிருவேன்."

குருவி போய்க் கேட்டது. செம்போத்துக்கும் தெரியவில்லை; அப்படி ஒரு மழையை அது பார்த்ததே இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கௌரவம் என்னாவது?

"மழைக்காலமேதான். போய்க் கட்டு" என்றது. "ஊம், ஊம்" என்று ஊருக்கே கேட்கக் கூவியும் வைத்தது.

தோட்டமெல்லாம் கூடு. வெள்ளத்தாயியும் விதைத்தாள். குஞ்சுகள் பொரித்த வாரத்தில் மழை நின்றது. சித்திரை வெயிலில் புழு பூச்சி எல்லாம் செத்தன. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

தாய்க்குருவி வெகுதூரம் அலைந்து ஒரு வெட்டுக்கிளியோடு திரும்பியது. கூட்டில் செம்போத்து உட்கார்ந்திருந்தது. கடைசிக் குஞ்சு அதன் அலகில் இருந்தது.

"அடப்பாவி! நீ சொன்னதைக் கேட்டுத்தானே பெத்தேன்!"

செம்போத்து விழுங்கி முடித்தது. "மழைய நானா நிறுத்துனேன்? எப்படியும் பட்டினியில சாகப் போறதுதானே" என்றது.

குருவி அழுதுகொண்டே வெள்ளத்தாயியிடம் ஓடியது. "யக்கா, நீயாவது வந்து கேளு."

வெள்ளத்தாயி கருகிய நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "என் வெதையும்தான் போச்சு. அதுக்காகச் சகுனப் பட்சிய வையச் சொல்றியா? பாவம் புடிக்கும், போ."

குருவிக்கு நியாயம் கேட்க வேறு இடமும் இல்லை.

பட்டினியில் செத்தது போக, தோட்டத்தில் கைப்பிடி அளவுதான் குருவிகள் மிஞ்சின. அவை ஒரே கிளையில் நெருக்கி உட்கார்ந்தன.

"இனிமே ஒருத்தர் பேச்ச நம்பி யாரும் பெக்க வேண்டாம். எல்லாரும் சேந்தே பாப்போம், சேந்தே வளப்போம். ஒருத்தி எரைக்குப் போனா மத்தவ குஞ்சுகிட்ட இருக்கட்டும்" என்றது குஞ்சை இழந்த குருவி.

அன்றிலிருந்துதான் தவிட்டுக் குருவிகள் கூட்டமாகவே திரிகின்றன, யார் குஞ்சுக்கும் எல்லாமே இரை ஊட்டுகின்றன, செம்போத்தைக் கண்டால் கூடிக்கொண்டு விரட்டுகின்றன. நாள் முழுக்க "இருக்கியா, இருக்கியா" என்று ஒன்றையொன்று கேட்டுக் கத்துகின்றன, அதைத்தான் நாம் சண்டை என்கிறோம்.