மருதப்பனின் எலும்புகள்

"அம்மா, என் எலும்பெல்லாம் உருகுது!"

குகைக்குள்ளிருந்து மருதப்பன் கத்தினான். சந்தோஷம் தாங்காத குரல்.

வாசலில் அவனுடைய குரு நின்றிருந்தார். வயதில் அவனைவிட இளையவர். ஆனாலும் அந்த மலையில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"எந்த எலும்பு?"

"தொடை, இடுப்பு, விலா. ராத்திரி பகல்னு இல்லாம உருகுது. பக்தி முத்தினா எலும்பும் உருகும்னு பாட்டுப் பாட்டா கேட்டோமே. எனக்கு வந்துடுச்சும்மா!"

உள்ளொளி தெரியும்வரை வெளி வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்தவன். குகை வாசலை ஓலைத் தட்டியால் அடைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பாலை விட்டான், மோரை விட்டான். கஞ்சி மட்டும்தான். இந்த ஒரு சேதியைச் சொல்லும் நாளுக்காகத்தான் அத்தனையும்.

அம்மா தட்டியை விலக்கி உள்ளே வந்தார். குனிந்தார். அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து எலும்பை அழுத்தினார்.

"ஐயோ!"

"ஆனந்தமா?"

மருதப்பன் பல்லைக் கடித்தான். "ஆனந்தம்தான்."

"கையை ஊனாம எழுந்திரு."

முயன்றான். முடியவில்லை. கடைசியில் பாறையைப் பிடித்துத்தான் எழுந்தான்.

"பார்த்தீங்களா! உடம்பு என் பேச்சைக் கேட்கிறதில்லை. நான் வேற, அது வேறன்னு ஆயாச்சு!"

"நட."

நடந்தான். அடிக்கொரு தரம் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

கஞ்சிச் சட்டியோடு வந்த சமையல்காரி பூவாயி சிரித்துவிட்டாள். "சாமி வாத்து மாதிரி நடக்குது."

"உனக்கென்ன தெரியும்? முக்தி கிட்ட வந்தவன் நடை இது."

அம்மா திரும்பினார். "பூவாயி, உன் குட்டியைக் கொண்டா."

பூவாயி ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்தாள். முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. மூட்டுகள் புடைத்திருந்தன. இறக்கி விட்டதும் மடங்கி உட்கார்ந்துகொண்டது.

"விழுந்து கும்பிடு" என்றார் அம்மா.

"ஆட்டுக்குட்டியையா?"

"உனக்கு முன்னாடியே இதுக்கு உருகிடுச்சு."

பூவாயி பதறினாள். "அய்ய, அதெல்லாம் இல்ல சாமி. அடைமழைன்னு பொறந்ததுலேருந்து இருட்டுக் கொட்டில்லயே போட்டு வச்சிட்டேன். வெயில் படாம எலும்பு இறுகலையாம். மாட்டு டாக்டர் திட்டிட்டுப் போனாரு. இப்படியே விட்டா ஒடிஞ்சிடுமாம்."

மருதப்பனின் கை தானாகத் தன் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

"என் தவத்தைக் கேலி பண்றீங்க."

"ஆமா."

"எனக்கு இன்னும் ஒளி தெரியலைம்மா. வெளியே வந்தா சபதம் போச்சு."

"அது உன் பாடு. குட்டி தினமும் வெயிலுக்குப் போகணும். அதால நடக்க முடியாது. பூவாயிக்கு அடுப்பு வேலை. எனக்கு நேரமில்லை."

குட்டியை விட்டுவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

விடிந்ததும் குட்டி கத்தியது. மருதப்பன் காதைப் பொத்திக்கொண்டான். அது நிறுத்தவில்லை.

குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தவழ்ந்து வாசலுக்கு வந்தான். தட்டியை உதைத்தான்.

வெயில் முகத்தில் அறைந்தது.

அந்த வாரம் அடிவாரத்து டாக்டர் ஏறி வந்து அவன் ரத்தத்தை எடுத்துப் போனார். பிறகு ஒரு மருந்துப் பொடி வந்தது. வாரம் ஒரு பொட்டலம், பாலில் கலந்து.

"இது எனக்கா, குட்டிக்கா?"

"குட்டிக்கு ஊசி போட்டாச்சு சாமி" என்றாள் பூவாயி. "முகத்தைச் சுளிக்காம குடிங்க. அது குடிச்சிருக்கும்."

தை போயிற்று. மாசி போயிற்று. முதலில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு அது அவன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. பிறகு முன்னால் போனது.

பங்குனியில் ஒரு காலை. மருதப்பன் தரையில் உட்கார்ந்து அகத்திக் கொத்துகளை நீட்டிக்கொண்டிருந்தான். தின்றுகொண்டே இருந்த குட்டி சட்டென்று திரும்பிப் பள்ளத்தைப் பார்த்து ஓடியது.

"ஏய்! ஏய், நில்லு!"

துரத்தினான். பள்ளத்தின் விளிம்பில் குட்டி துள்ளியது. மறுபடியும் துள்ளியது. திரும்பி அவனிடமே ஓடி வந்தது.

"அம்மா!" மலையே கேட்கும்படி கத்தினான். "பார்த்தீங்களா? குதிச்சுதும்மா! நாலு காலும் தரையில இல்ல!"

பாறை நிழலிலிருந்து அம்மா வந்தார்.

"பார்த்தேன். நீ எதை ஊனி எழுந்தே?"

மருதப்பன் தன் கைகளைப் பார்த்தான்.

இரண்டிலும் அகத்திக் கொத்து.