பாறைமேல் ஏறிய மன்றத் தலைவர்

கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு சிறிய கடல் இருந்தது. அதை மூன்று கூட்டத்தார் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையோரச் சேறு நண்டுகளுக்கு. பவளத்திட்டு களவா மீன்களுக்கு. அதற்கு அப்பால் உள்ள ஆழம் பேத்தை மீன்களுக்கு. மூன்று பக்கத்துத் தண்ணீரும் கலந்துதான் கிடந்தது. எல்லைச் சண்டை மட்டும் ஓயவே இல்லை.

எல்லை பார்க்காமல் மூன்று இடத்திலும் இரை தேடித் திரிந்தவை கடற்பன்றிகள். டால்பின் என்கிற ஓங்கிலுக்குத் தங்கை முறை. உருண்டைத் தலை, துடுப்பில்லாத முதுகு, யார் வம்புக்கும் போகாத சுபாவம். மீன்பிடி வலைகளில் சிக்கிச் சிக்கி அவை வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தன.

இதைப் பார்த்து எல்லோருக்கும் மனம் இளகியது. மனம் இளகினால் என்ன செய்வார்கள்? கூட்டம் போடுவார்கள். கடற்பன்றிப் பாதுகாப்பு மன்றம் பிறந்தது.

இருப்பதிலேயே பெரிய வாய் என்பதால் களவா தலைவர் ஆனார். நண்டு கரையின் உறுப்பினர். ஆழத்தின் உறுப்பினரான பேத்தைக்கு மக்கள் கல்வியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பேச ஆரம்பித்தாலே அவர் உடம்பு பந்தாக ஊதிவிடும், மேடைக்கு எடுப்பாக இருக்கும். ஆராய்ச்சி பத்துக் கைகள் உள்ள கணவாய்க்குப் போனது. அத்தனை கைகள் உள்ளவருக்கு அறிவும் அதற்கேற்றபடி இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மன்றத்தில் கடற்பன்றி ஒன்றுகூட இல்லை. முதலில் நீலாயி என்ற தாய்க் கடற்பன்றியை அழைத்துத்தான் இருந்தார்கள். கடலடியில், பெரிய பாறையின் நிழலில் கூட்டம் நடந்தது. களவா வரவேற்புரையில் பாதி தாண்டவில்லை, நீலாயி எழுந்து மேலே போய்விட்டாள். திரும்பி வந்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் போனாள்.

"தலைவர் பேசுறப்ப எழுந்து எழுந்து போறது என்னம்மா பழக்கம்?" என்று கேட்டது நண்டு.

"மூச்சு விடப் போனேன் அண்ணே. எங்களுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விட வராது."

மன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. "அப்ப நாங்க எல்லாம் மூச்சு விடாமலா உட்கார்ந்திருக்கோம்?" என்றார் களவா. கூட்டத்தில் அக்கறை இல்லாதவள் என்று சொல்லி அன்றைக்கே அவள் பெயரை நீக்கிவிட்டார்கள்.

கணவாய் ஆராய்ச்சியில் இறங்கினார். தூரத்தில் ஒரு பவளப் பொந்தில் உட்கார்ந்துகொண்டு கடற்பன்றிகள் போவதையும் வருவதையும் பார்த்தார். பார்த்து முடித்ததும் மன்றத்தைக் கூட்டிச் சொன்னார்.

"கடற்பன்றிக்கு வால் உண்டு. நீந்துகிறது. மீன் தின்கிறது. ஆகவே அதுவும் மீன்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வலையில் விழுந்த மீன் துள்ளித் துள்ளிக் களைத்துத்தான் சாகிறது. அசையாமல் கிடக்கிற மீன் வெகுநேரம் தாக்குப் பிடிக்கிறது. ஆகவே கடற்பன்றியும் வலையில் அசையாமல் கிடக்க வேண்டும்."

"அடிக்கடி மேலே ஓடுதுகளே, அது ஏன்?" என்று கேட்டார் களவா.

"வேடிக்கை பார்க்கிற பழக்கம்."

"தலை உச்சியில ஒரு ஓட்டை இருக்கே?"

"அது அழகுக்கு."

நீலாயியைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் வேலை முடிந்திருக்கும். யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவரிடமே போய்க் கேட்டால் அப்புறம் ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை?

அடுத்தது மக்கள் கல்வி. பேத்தை ஊர் ஊராகப் போனார். ஊதிப் பெருத்துக்கொண்டு கடற்பன்றிக் குட்டிகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

"வலை பட்டால் அசையாதே,
வால் அடித்துப் பதறாதே,
மன்றம் வரும்வரை பொறுத்திரு!"

நீலாயியின் மகன் மொட்டையன் அதை எல்லோருக்கும் முந்திப் பாடமாக்கினான். பேத்தை அவனைத் தட்டிக் கொடுத்தார். நீலாயி மகனைத் தனியே அழைத்துப் போனாள்.

"அதெல்லாம் நமக்கு ஆகாது கண்ணு. வலை பட்டா முட்டி மோதி எப்படியாவது மேல வந்துரு," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றான் மொட்டையன். "பேத்தை சாரே சொல்லிட்டாரு."

ஒருநாள் காலையில் வலை விழுந்தது. மூன்று எல்லையும் சந்திக்கிற இடமாகப் பார்த்து, மன்றம் கூடும் பாறைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. இறாலைத் துரத்திக்கொண்டு போன மொட்டையன் அதில் சிக்கிக்கொண்டான். சிக்கியதும் பாட்டு ஞாபகம் வந்தது. வாலை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

நீலாயி பார்த்துவிட்டாள். வலையை முட்டினாள், இழுத்தாள். நூல் அவள் வாயைத்தான் கிழித்தது. நண்டுக்குக் கொடுக்கு இருக்கிறது, பேத்தைக்கு நூலை நறுக்கும் பல் இருக்கிறது. பாறை நிழலில் கூடியிருந்த மன்றத்துக்கு நேரே ஓடினாள்.

"என் பிள்ளை வலையில கிடக்கான். கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுரும். வந்து அறுத்து விடுங்க."

பேத்தை வெளியே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அசையாமல் கிடக்கிறான் பாருங்கள்! நம் கல்வித் திட்டத்தின் முதல் வெற்றி இது."

"அவன் செத்துக்கிட்டு இருக்கான்யா," என்றாள் நீலாயி.

"முதலில் அவன் யார் எல்லையில் கிடக்கிறான் என்பதை முடிவு செய்ய வேண்டும்," என்றார் களவா. "தலை எங்கள் திட்டில் இருப்பதாகத் தெரிகிறது."

"வால் எங்க பக்கம்," என்றது நண்டு. "ஆனா நான் தலைப் பக்கத்து நூலை அறுத்தா, நண்டு அத்துமீறி வந்துருச்சுன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க. எழுதிக் கொடுங்க, அறுக்கிறேன்."

"வலையின் கயிறு ஆழத்திலிருந்து வருகிறது. நான் வாய் வைத்தால் எங்கள் ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்," என்றார் பேத்தை.

"மீன் இவ்வளவு சீக்கிரம் சாகாது. ஆராய்ந்திருக்கிறேன்," என்றார் கணவாய்.

"அப்படியானால் அடுத்த பொருளாக இதை எடுத்துக்கொள்வோம்," என்றார் தலைவர்.

நீலாயிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. உருண்டைத் தலையைத் தலைவரின் வயிற்றுக்கு அடியில் கொடுத்தாள். ஒரே முட்டாக மேலே தள்ளிக்கொண்டு போனாள். கடல் வற்றியிருந்த நேரம் அது. பாறையின் உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் தலைவரைத் தூக்கிப் போட்டாள்.

களவா துடித்தார். செவுள் விரிந்து விரிந்து மூடியது. அந்தப் பெரிய வாய் திறந்து திறந்து பார்த்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை.

"மூச்சு... மூச்சு முட்டுது..."

"அசையாதீங்க. பதறாதீங்க," என்றாள் நீலாயி. "மன்றம் வரும்வரை பொறுத்திருங்க. தலை எந்த எல்லையில கிடக்கு, வால் எந்த எல்லையில கிடக்குன்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

"எல்லையாவது மண்ணாவது! தண்ணியில விடு தாயே, அறுக்கச் சொல்றேன்!"

அவள் முட்டித் தள்ளினாள். தலைவர் தண்ணீரில் விழுந்த வேகத்தில் அடிக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே சொல்லில் பேசினார்.

"அறுங்க!"

தலைவர் கோலத்தைப் பார்த்து யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. நண்டு வால் பக்கத்தை வெட்டியது. பேத்தை தலைப் பக்கத்தை நறுக்கினார். எனக்கு அந்தப் பேத்தையைப் பிடிக்காதுதான், ஆனால் அவர் பல்லைக் குறை சொல்ல முடியாது. அத்தனை நாளும் அதைப் பேச்சுக்கு மட்டும் வைத்திருந்ததுதான் பாவம். கணவாய் எல்லாக் கைகளாலும் நூலைப் பிடித்து விலக்கினார். இத்தனை நாளும் எல்லையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, மூன்று கூட்டமும் சேர்ந்தால் வலை அறும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மொட்டையன் வெளியே வந்தான். உடம்பு துவண்டிருந்தது. நீலாயி அவனைத் தலையில் தாங்கி மேலே கொண்டுபோனாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். குட்டியின் தலை தண்ணீருக்கு வெளியே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நீலாயி அவனை இடித்தாள், மறுபடியும் இடித்தாள்.

அழகுக்கு என்று சொன்னார்களே, அந்த ஓட்டை திறந்தது. புஸ்ஸென்று மூச்சு வந்தது.

கண் விழித்ததும் மொட்டையன் தாயைத் தேடவில்லை, பேத்தையைத் தேடினான்.

"சார், நான் அசையவே இல்ல. சரியாச் செஞ்சேனா சார்?"

பேத்தை பதில் சொல்ல வாய் திறந்தார். வழக்கம்போல் ஊதப் பார்த்தார், முடியவில்லை. நீலாயி மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு மன்றம் தண்ணீரின் மேல்மட்டத்தில், நீலாயிக்கு வசதியான இடத்தில் கூடியது. கணவாய் பொந்தை விட்டுக் கடற்பன்றிகளின் பக்கத்திலேயே போய்ப் பார்த்தார், தெரியாததைக் கேட்டார். பேத்தை குட்டிகளிடம் போய், தான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று சொன்னார். அதைச் சொல்ல ஊதவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்தப் பக்கம் வலை விழுந்தாலும் முதலில் அறுப்பது, எல்லையைப் பிறகு பேசுவது என்று மூன்று கூட்டமும் ஒப்புக்கொண்டன. களவாவுக்குப் பேச்சு ஆசை முழுதாகப் போய்விடவில்லை. அவர் பேச்சு நீண்டால் நீலாயி பாறை உச்சியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். தலைவர் உடனே நன்றி கூறி முடித்துவிடுவார்.

ஒருவரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள், அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.