மகன் அளவுக்கு வைத்த வார்

உமையாள் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த வேலப்பனுக்கு அறுபத்தைந்து. குருவைவிடச் சிஷ்யனுக்குத்தான் நரை அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேலப்பனின் மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவனையே நினைத்து ஏங்கும் மனசை எப்படி அடக்குவது என்று வேலப்பன் வரும்போதெல்லாம் கேட்பார். ஒருநாள் உமையாள், வீட்டைச் சுற்றி மண்டிக்கிடக்கும் புதரை முதலில் வெட்டுங்கள், பிறகு பேசுவோம் என்றார்.

மகன் விட்டுப்போன புதர் வெட்டும் மெஷின் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. வேலப்பன் அதை இறக்கி, கெட்டுப்போன பெட்ரோலைக் கொட்டினார். கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டார். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோன சமயத்தில், அது இருமிக்கொண்டே கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் வேலை நடக்கவில்லை. மெஷினைத் தோள் வாரில் தொங்கவிட்டு வெட்டப் போனால், பிளேடு போகிற இடமெல்லாம் தரையில் மோதியது, கல்லில் பட்டுப் பொறி பறந்தது.

உமையாள் பார்க்க வந்தார். பக்கத்துத் தோப்பைச் சுற்றி வந்ததில் முள் பட்டுச் சேலை கிழிந்திருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"தோள் வார் முழங்கால் வரைக்கும் தொங்குதே. ஏத்திக் கட்டக்கூடாதா?"

"அவன் நல்ல உயரம். அவன் அளவுக்கு வச்சது."

"உங்களுக்கு அது ஆகாதே."

"இதை மாத்திட்டா, அவன் இனிமே வரமாட்டான்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிடும்மா."

உமையாள் கிழிந்த முந்தானையிலிருந்து முள்ளை எடுத்துப் போட்டார்.

"வந்தா, எந்த வழியா வருவான்?"

"ரோட்டுல இருந்து நேரா, இந்தப் பாதையிலதான்."

சொல்லிக்கொண்டே வேலப்பன் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பாதை இருந்த இடத்தில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் பூத்துக்கிடந்தது.

கை மெல்லத் திரும்பி வாரின் கொக்கிக்கு வந்தது. அவிழ்க்காமல் தயங்கியது.

"வந்துட்டான்னா, அம்மா?"

"வந்ததும் அவனே இறக்கிக்கிடுவான்."